பாண்டியர் கடற்கரை

மதுரை மாநகரில் நின்று நோக்குவோர்க்குக் கடல் தெரியாது. வடகிழக்கே யானைமலை, மேற்கே நாகமலை, இடையே நெல்வயல்களும் கண்மாய்களும் பனைமரங்களும். இவையே அந்நகரைச் சூழ்ந்த காட்சி. கடலைக் காண விரும்புவோர் கிழக்கு நோக்கி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஆயினும், அந்நகரிலிருந்து ஆண்ட பாண்டியர் தம் கொடியில் பொறித்தது மீன். காசில் பொறித்ததும் மீன். தாம் எடுப்பித்த கோயில்களின் விதானத்தில் செதுக்கியதும் மீனே. நிலத்தின் நடுவே தலைநகர் வைத்து வாழ்ந்த ஓர் அரச குலம் கடலில் வாழும் உயிரைத் தன் சின்னமாகக் கொண்டது ஏன்? மாணவர்களே, இவ்வினாவைக் கையில் பிடித்துக்கொண்டே இன்று ஒரு சிறு பயணம் மேற்கொள்வோம்.

விடையின் ஒரு பகுதி நீங்கள் பள்ளியிற் பயின்ற சிலப்பதிகாரத்திலேயே இருக்கின்றது. மதுரையில் நிகழ்ந்த அவ்வழக்கில் தீர்ப்பைத் தந்தவை இரண்டு சிலம்புகளின் பரல்கள். கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கம். கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்தவை முத்து. பாண்டிமாதேவியின் காலில் முத்து ஒலித்தது தற்செயலன்று. அந்நாட்டுச் செல்வத்துள் தலையாயது முத்து; அது கடலிலிருந்து வந்தது. அவ்வழக்கின் முடிவில் நெடுஞ்செழியன் உயிர்நீத்தபின் மதுரைக்கு வந்து அரியணை ஏறிய வெற்றிவேற் செழியன், அதுவரை இருந்த இடம் கொற்கை. அஃது ஒரு துறைமுகப் பட்டினம். மதுரை பாண்டிய நாட்டின் தலை என்றால், கொற்கை அத்தலைக்குச் செல்வம் ஈட்டித் தந்த கை எனலாம்.

நம் பயணத்தின் வழி இது: மதுரையிலிருந்து வையை ஆற்றோடு கிழக்கே சென்று அதன் முகத்துவாரத்தை அடைவோம். அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே திரும்பி, தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் வரை செல்வோம். இரண்டு ஆறுகள், அவற்றின் இரண்டு வாய்கள், அவற்றிடையே ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர்க் கடற்கரை. ஊர்தி இருப்பின் இரண்டு நாட்களில் கண்டு வரத்தக்க இப்பரப்பில் ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டு வரலாறு அடங்கியுள்ளது.

வையை மேற்குத் தொடர்ச்சி மலையின் வருசநாட்டுப் பகுதியில் தோன்றி, ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடுகின்றது. வெள்ளக் காலத்திலன்றி அதன் நீர் கடலைச் சேர்வது அரிது. வழிநெடுகிலும் உள்ள கண்மாய்கள் அதனைப் பகிர்ந்து கொள்கின்றன. எஞ்சியதையும் இராமநாதபுரத்துப் பெரிய கண்மாய் ஏற்றுக்கொள்கின்றது. சிவபெருமானுக்கு நஞ்சளித்த பாவி என்று கடலை வெறுத்தே வையை அதனிடம் புகவில்லை எனப் பழைய புலவர் ஒருவர் நயமாகக் கற்பனை செய்தார். கற்பனை எதுவாயினும், உண்மை உழவர் அறிந்ததே. மழை குறைந்த சமவெளியில் ஒரு துளியும் வீணாகாதவாறு நம் முன்னோர் ஆற்றையே வாய்க்கால்களாகப் பிரித்துவிட்டனர்.

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், வையையின் தென்பால், கீழடி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு ஒரு தென்னந்தோப்பில் 2014-15ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கிற்று. பின்னர்த் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அப்பணியை மேற்கொண்டது. செங்கற் கட்டடங்களும் உறைகிணறுகளும் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. அங்கே கிடைத்த கரித்துண்டுகளுள் ஒன்று கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்தது என 2019இல் அறிவிக்கப்பட்டது. நம் பயணத்திற்கு வேண்டிய செய்தி ஒன்றும் அங்கே உண்டு. சூதுபவளம், அகேட்டு ஆகிய கற்களால் இயன்ற மணிகள் கீழடியில் கிடைத்துள்ளன. இத்தகைய கல் மேற்கிந்தியாவில் மிகுதியாகக் கிடைப்பது. ஆகவே, வையைக் கரை வாழ்க்கை அக்காலத்திலேயே தொலைநாட்டு வாணிகத்தோடு பிணைந்திருந்தது என்று கொள்ளலாம். 2023 மார்ச்சு மாதம் திறக்கப்பெற்ற கீழடி அருங்காட்சியகத்தில் இப்பொருள்களைக் காணலாம். பயணத்தை அங்கிருந்து தொடங்குவது நன்று.

மானாமதுரை, பரமக்குடி ஆகிய ஊர்களைக் கடந்து ஆற்றோடு செல்வோமாயின், கடலுக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் முன்னதாக அழகன்குளத்தை அடைவோம். பார்வைக்கு அஃது எளிய ஊர். ஆயினும் 1986 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அங்கே பல முறை அகழ்ந்து கண்டவை எளியன அல்ல. உரோமானியக் காசுகள், மது நிறைத்து வந்த உரோமானியச் சாடிகளின் துண்டுகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், இவற்றோடு கப்பலின் உருவம் கீறப்பட்ட பானையோடு ஒன்றும் கிடைத்தது. தான் நாள்தோறும் கண்ட மரக்கலத்தை யாரோ ஒருவர் பானையின் மேல் வரைந்து வைத்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அது நமக்குச் சான்றாயிற்று. இதற்கு மறுதலையான சான்று எகிப்து நாட்டிலும் உண்டு. செங்கடற் கரையிலுள்ள குசைர் அல் காதிம் என்னும் பழந்துறையில் தமிழ்ப் பெயர்கள் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. இங்கே அவர்கள் சாடி. அங்கே நம்மவர் பானை. வாணிகம் ஒருவழிப் பாதையன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, இக்கடலின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். அஃது அறியாவிடின் இக்கரையின் வரலாறு விளங்காது. இராமேசுவரம் தீவும், அதன் கோடியிலிருந்து இலங்கையின் மன்னார்த் தீவு வரை செல்லும் மணல் திட்டுகளும் கடலை இரண்டாகப் பிரிக்கின்றன. வடக்கே பாக்கு நீரிணைப் பகுதி. தெற்கே மன்னார் வளைகுடா. திட்டுகளின் மீது நீரின் ஆழம் மிகக் குறைவாதலால் பெருங்கப்பல் கடக்க இயலாது. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் வளைகுடா கொந்தளிக்கும், வடபுறம் அமைதியாயிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் நிலைமை மாறும். ஒரு புறம் கடல் சீறும்போது மறுபுறம் தொழில் நடக்கும். அதனாலேயே இருபுறமும் துறைகள் தோன்றின. சரக்குகளைப் பெரிய கலங்களிலிருந்து இறக்கிச் சிறு தோணிகளில் ஏற்றும் தொழிலும் வளர்ந்தது.

இராமேசுவரத்துத் திருக்கோயிலின் மூன்றாம் பிரகாரத்தை அறியாதார் இலர். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட தூண்கள் இருமருங்கும் அணிவகுத்து நிற்கும் அப்பிரகாரம் சேதுபதி மன்னர்களின் திருப்பணி. சேதுவுக்குச் செல்லும் வழியைக் காத்து, யாத்திரிகர்க்குத் துணைநின்றமையால் அவர்கள் அப்பெயர் பெற்றனர். இராமநாதபுரத்தில் அவர்தம் அரண்மனையாகிய இராமலிங்க விலாசத்தின் சுவர் ஓவியங்களையும் வழியிலேயே கண்டு செல்லலாம்.

தீவின் கிழக்குக் கோடியில் இருப்பது தனுஷ்கோடி. 1914 பிப்ரவரியில் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. சென்னையில் வண்டி ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, மீண்டும் வண்டி ஏறிக் கொழும்பு சேரலாம். அரை நூற்றாண்டு இவ்வழி நடந்தது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் எழுந்த புயலும் கடற்பெருக்கும் ஊரை அழித்தன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் வண்டியையும் அதிலிருந்தோரையும் கடல் கொண்டது. பாம்பன் பாலம் சில வாரங்களில் செப்பனிடப்பெற்றது. தனுஷ்கோடி ஊர் திரும்ப எழவில்லை. இடிந்த கோயிற் சுவரும் இரயில் நிலையத்தின் எச்சமும் இன்றும் நிற்கின்றன. 2017 முதல் அரிச்சல்முனை வரை சாலை செல்கின்றது. பழைய பாம்பன் பாலத்தின் பணியை 2025 ஏப்ரலில் திறக்கப்பெற்ற புதிய பாலம் ஏற்றுள்ளது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி செங்குத்தாக மேலே உயர்ந்து வழிவிடும். ஒரு துறைமுகம் ஓரிரவில் மறையக்கூடும் என்பதைத் தனுஷ்கோடி காட்டுகின்றது. நூற்றாண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மறைந்த துறைமுகத்தைப் பயணத்தின் இறுதியிற் காண்போம்.

இராமநாதபுரத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியமைந்தவை பெரியபட்டினமும் கீழக்கரையும். பெரியபட்டினத்து நிலத்தில் சீன நாட்டுப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு நடத்தியது. சப்பானியப் பேராசிரியர் நொபுரு கராசிமா அவ்வோடுகளை ஆராய்ந்தார். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சீனக் கப்பல்கள் இக்கரையைத் தொட்டன என்பது இதனால் உறுதியாயிற்று. அக்காலத்தில் மதுரைக்கு வந்த மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா, பட்டணம் என்னும் துறைமுகம் ஒன்றைப் பற்றி எழுதியுள்ளார். அது பெரியபட்டினமே என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர்.

கீழக்கரையின் பெயரைத் தமிழ் இலக்கியம் மறவாது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி அவ்வூரினர். அங்குள்ள பழைய பள்ளிவாசலின் கற்றூண்களை நோக்குவோர், கோயிற்றூண்களைச் செதுக்கிய அதே சிற்ப மரபின் கைவண்ணத்தைக் காண்பர். கடல் வழியே வந்த சமயம் தமிழ்க் கல்லிலே தன் இல்லத்தைக் கட்டிக்கொண்டது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் வழக்கமும் கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களிலே வளர்ந்தது.

இவ்விடத்திலிருந்து தூத்துக்குடி வரை, கரைக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், பவளப் பாறைகளின் மேல் அமைந்த தீவுகள் வரிசையாக உள்ளன. அவை 21 என்று கணக்கிட்டு, 1986இல் அரசு அப்பகுதியைக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரண்டும் நீருள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பவளப் பாறைகளை நெடுங்காலம் வெட்டி எடுத்தமை அதற்கு ஒரு பெருங்காரணம். பவளப் பாறை கரைக்கு அரண். அலை முதலில் அதன்மேல் மோதி வலியிழந்த பின்னரே மணலைத் தொடும். அரணை வெட்டினால் மணல் கரையும். மணல் கரைந்தால் தீவு மறையும்.

இக்கடலின் அடியில்தான் பாண்டியர் முத்து விளைந்தது. ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் பாறைப்பாங்கான திடல்கள் உள்ளன. மீனவர் அவற்றைப் ‘பார்’ என்பர். பாரின் மீது முத்துச் சிப்பிகள் பற்றி வாழ்கின்றன. வேற்றுப் பொருள் ஏதேனும் சிப்பியின் உடலுள் புகுந்து உறுத்துமாயின், தன் ஓட்டின் உட்புறத்தைப் பளபளப்பாக்கும் அதே பொருளை அதன்மேல் படலம் படலமாகச் சுரந்து சிப்பி மூடிவிடும். அதுவே முத்து. சிப்பிகளுள் மிகச் சிலவற்றிலேயே நல்முத்துக் கிடைக்கும். கடல் அமைதியாயிருக்கும் இளவேனிற் காலத்தில் முத்துச் சலாபம் நடைபெறும். குளிப்பவர் கல்லைக் காலிற் பற்றி ஆழத்தில் இறங்குவார். மூச்சடக்கிச் சிப்பிகளைப் பையில் வாரி, கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் அவரை மேலே இழுப்பார். சுறாவும் ஆழமும் அவர்தம் அன்றாடப் பகைகள்.

அம்முத்தின் புகழ் நெடுந்தொலைவு பரவியது. கௌடிலியரின் அருத்தசாத்திரம் முத்து வகைகளைக் கூறுமிடத்தில் தாமிரபரணி முத்தையும் பாண்டிய நாட்டு முத்தையும் குறிக்கின்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய ‘பெரிப்புளூசு’ என்னும் கடற்பயண நூல், கொற்கை முத்துக் குளித்தலைப் பற்றிக் கூறுகின்றது. தண்டனை பெற்ற குற்றவாளிகளே அங்குக் குளித்தனர் என்பதும் அதிலுள்ள செய்தி. மன்னர் மார்பில் ஒளிவிட்ட ஆரத்தின் பின்னே எவர் மூச்சு அடங்கியது என்பதை இச்சிறு குறிப்பு நமக்கு நினைவூட்டுகின்றது. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் கொற்கையைக் குறித்தார்.

சிப்பி வளம் நிலையானதன்று. பல ஆண்டுகள் பாரில் ஒன்றும் இராது. திடீரென்று ஓராண்டு பெருகும். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961இல். அதன்பின் சலாபம் நடக்கவில்லை. 1973இல் தூத்துக்குடியில் மைய கடல்மீன் ஆராய்ச்சி நிலைய அறிஞர்கள் சிப்பியினுள் மணியிட்டு முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டனர். சங்கு குளித்தல் இன்னும் உண்டு. இங்கெடுத்த சங்கு வங்க நாட்டுக்குச் சென்று மணமகளிரின் வளையலாகும் வழக்கம் மிகப் பழையது.

இனித் தூத்துக்குடி. இங்கிருந்து நம் பயணத்தில் ஒரு புதுமை உண்டு. தெற்கே செல்லச் செல்ல நாம் காலத்தில் பின்னோக்கிச் செல்வோம். இக்கரைத் துறைமுகங்களுள் இளையது தூத்துக்குடி. அதற்குத் தெற்கே, அதனினும் மூத்தது காயல். யாவற்றினும் மூத்தது கொற்கை.

தூத்துக்குடியில் 1658இல் போர்த்துக்கீசியர் கையிலிருந்து உலாந்தாக்காரர் கைக்கு அதிகாரம் மாறியது. 1825இல் ஆங்கிலேயர் நிலையாகப் பெற்றனர். கரையோரம் ஆழம் குறைவாதலால் கப்பல்கள் பல கிலோமீட்டர் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே சரக்கைச் சுமந்தன. 1906இல் ஓட்டப்பிடாரம் வ. உ. சிதம்பரனார் இங்கே சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயக் குழுமம் நடத்திய கப்பல்களுக்கு எதிராக, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை அச்சங்கம் செலுத்திற்று. 1908இல் சிதம்பரனார் சிறைப்பட்டார், சங்கமும் நலிந்தது. ஈராயிரம் ஆண்டுகளாகக் கலம் செலுத்திய கரையில், தன் கடலில் தான் கப்பல் விடுவதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. கடலுள் நீண்ட அலைதடுப்புச் சுவர்கள் அமைத்துக் கட்டிய புதிய துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் அது சிதம்பரனார் பெயரையே தாங்கி நிற்கின்றது. அதனருகே வெண்மையாய்ப் பரந்துள்ள உப்பளங்களையும் காணத் தவறாதீர்கள். மழை குறைவும் வெயிலும் வறண்ட காற்றும் உழவனுக்குப் பகை; உப்பு விளைப்பவனுக்கு அவையே துணை.

தெற்கே சென்றால் பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்னும் மூன்று ஊர்கள். ‘கயல்’ என்பது மீன். ‘காயல்’ என்பது கடலை அடுத்துத் தேங்கிய உப்புநீர்ப் பரப்பு. சொற்களை மயங்கக் கூடாது. ஏறத்தாழ 1292இல் இப்பகுதிக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தைப் பெருமைபடப் பேசுகின்றார். அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பல்கள் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கொணர்ந்து இறக்கின. பாண்டியர் பொன்னை வாரி வழங்கி வாங்கினர். ஆனால் குதிரைகளை வளர்க்கும் முறை இந்நாட்டார் அறியாமையால் அவை விரைவில் மடிந்தன என்றும், அதனால் ஆண்டுதோறும் புதிய குதிரைகள் தேவைப்பட்டன என்றும் அவர் எழுதுகின்றார். முத்து விற்ற பொன் குதிரையாக மாறி, குதிரை மதுரை செல்லும் வழியெல்லாம் தேய்ந்தது எனலாம்.

போர்த்துக்கீசியர் முதலில் நிலைகொண்ட இடங்களுள் ஒன்று புன்னைக்காயல். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். அதனைத் தமிழில் ஆக்கிய ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் இவ்வூரில் நெடுங்காலம் வாழ்ந்து தமிழ் பயின்றவர். காயல்பட்டினத்துப் பழைய பள்ளிவாசல்கள், கரையோரத்து மாதா கோயில்கள், அப்பால் அலைவாயில் நிற்கும் திருச்செந்தூர் முருகன் கோயில்: இம்மூன்றையும் ஒரே நாளிற் காணலாம்.

இனி, கொற்கை. இன்று அங்கே சென்று கடலைத் தேடுவோர் ஏமாறுவர். கடல் ஆறு அல்லது ஏழு கிலோமீட்டர் அப்பால் உள்ளது. கொற்கையில் இருப்பவை வயலும் குளமும் வாழைத் தோட்டமுமே. பெருந்துறைமுகம் எங்கே சென்றது? கடல் அதனைக் கொள்ளவில்லை. ஆறு அதனை மூடியது.

மதுரைச் சமவெளி மாணவர்களுக்கு இஃது எளிதில் விளங்கும். மழைக்காலத்தில் வரத்துக்கால் கண்மாயிற் புகும் இடத்தைப் பாருங்கள். ஓடிவரும் நீர் மண்ணைச் சுமந்து வருகின்றது. நின்ற நீரைச் சேர்ந்ததும் அதன் வேகம் அடங்குகின்றது. சுமந்த மண்ணை அங்கேயே கீழே விடுகின்றது. ஆண்டுக்காண்டு அவ்விடம் மேடிட்டு, கண்மாய்க்குள் ஒரு நாக்குப்போல் நீள்கின்றது. கண்மாயைக் கடலாகவும் கால்வாயைத் தாமிரபரணியாகவும் எண்ணுங்கள். பொதிகையில் தோன்றி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிவரும் அவ்வாறு, நூற்றாண்டுகளாகக் கொணர்ந்த வண்டல் கொற்கைத் துறையைத் தூர்த்தது. கடற்கரை கிழக்கே நகர்ந்தது. கலம் வராத துறையில் வணிகர் தங்கார். அவர்கள் கரையைத் தொடர்ந்து காயலுக்குச் சென்றனர். காயலும் தூர்ந்தது, புன்னைக்காயலும் காயல்பட்டினமும் எழுந்தன. இறுதியில், ஆற்றின் வாயினின்று விலகி நிற்கும் தூத்துக்குடி தலைமை பெற்றது. நல்ல நீரும் உள்நாட்டு விளைபொருளும் தந்து துறைமுகத்தை வாழ்வித்த ஆறே, வண்டலைத் தந்து அதனை முடித்தும் வைத்தது.

இவ்வுண்மையை முதலில் விளங்கக் கண்டவர்களுள் ஒருவர் கால்டுவெல். இடையன்குடியில் வாழ்ந்த அவர், 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் கொற்கையையும் காயலையும் ஆராய்ந்து எழுதினார். நிலத்தைத் தோண்டியபோது கடற்சிப்பிகளைக் கண்டார். காயலில் சீன, அரபு நாட்டு மட்பாண்டத் துண்டுகளைப் பொறுக்கினார். ஊர்ப்பெயர்களையும் அவர் சான்றாகக் கொண்டார். கொற்கையில் அக்காசாலை ஈசுவரமுடையார் என்னும் பெயரில் ஒரு சிவன் கோயில் உண்டு. அக்கசாலை என்பது காசு அடிக்கும் இடம். அருகேயுள்ள மாறமங்கலத்தின் பெயரில் பாண்டியரின் ‘மாறன்’ என்னும் பட்டம் ஒளிந்திருக்கின்றது. கட்டடங்கள் அழிந்தாலும் மக்கள் நாவில் பெயர் பிழைத்திருந்தது. 1968-69இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை கொற்கையில் அகழ்ந்து, தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளையும் அறுத்த சங்குகளையும் கண்டது. அங்குக் கிடைத்த கரியின் காலம் கி.மு. 785ஐ ஒட்டியது எனக் கணிக்கப்பட்டது. 2021இல் மீண்டும் அகழாய்வு நடைபெற்றது.

இப்போது தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு முழு விடை கிடைக்கின்றது. மதுரை கடலை விட்டு விலகியிருந்தது, கடலால் வாழ்ந்தது. வையையும் தாமிரபரணியும் சமவெளியைக் கடலோடு கட்டிய இரு கயிறுகள். நெல் கீழே சென்றது. முத்தும் குதிரையும் பொன்னும் மேலே வந்தன. அதனாலேயே மீன் கொடியிலேறிற்று.

மாணவர்களே, இப்பயணத்திற் கற்ற பாடம் பழங்கதையோடு முடிவதன்று. கொற்கையின் பெரும்பகுதி இன்னும் மண்ணுக்குள்ளேயே உள்ளது. அழகன்குளமும் பெரியபட்டினமும் அவ்வாறே. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும், தோட்டத்துக்குக் குழி வெட்டும்போதும், வண்டி வண்டியாக மணல் அள்ளும்போதும் அவ்வேட்டின் பக்கங்கள் கிழிகின்றன. ஓர் ஓடு எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்பதே அதன் பேச்சு. இடத்தினின்று பிரித்தெடுத்த ஓடு ஊமையாகிவிடும். ஆதலின் அங்கே செல்வோர் மேட்டில் கிடக்கும் ஓட்டையோ மணியையோ நினைவுப்பொருளாக எடுத்துவரலாகாது. உங்கள் ஊரில் முதுமக்கள் தாழியோ எழுத்துப் பொறித்த ஓடோ வெளிப்படுமாயின், இடத்தைக் குறித்து, ஆசிரியர் வாயிலாகவோ வட்டாட்சியர் வாயிலாகவோ தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். முதியோரிடம் வயலின் பெயரும் மேட்டின் பெயரும் துறையின் பெயரும் கேட்டு ஏட்டில் எழுதி வையுங்கள். கொற்கையைக் கண்டறிய உதவியவை அத்தகைய பெயர்களே.

கடலுக்கும் இது பொருந்தும். ஆறு துறையை மூடுவது இயற்கையின் செயல். அதனைத் தடுத்தல் அரிது. பவளப் பாறையை வெட்டுவதும், சிப்பி வாழும் பாரைக் கெடுப்பதும் மனிதர் செயல். அவற்றைத் தடுத்தல் நம்மால் இயலும். 2022இல் பாக்கு நீரிணைப் பகுதியில் ஏறத்தாழ 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் கடற்பசுவின் காப்பகமாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது இவ்வழியில் எடுத்து வைத்த ஓர் அடியாகும்.

விடுமுறை நாட்களில் இக்கரைக்குச் செல்லுங்கள். கீழடியில் தொடங்கிக் கொற்கையில் முடியுங்கள். கொற்கைக் குளக்கரையில் நின்று கிழக்கே நோக்கினால் கடல் தெரியாது. வாழையும் பனையுமே தெரியும். அங்கே காலடியில் இருப்பது மண் மட்டுமன்று, ஒரு காலத்துக் கடற்கரை என்பதை அறிந்து நிற்பீர்களாயின், இப்பயணம் பயன் தந்ததாகும்.